மலை ஏறக் கூடாத கண்

ரப்பர் வாசம் பழகிவிட்டது. முதல் இரண்டு நாள் குமட்டியது, இப்போது முகத்தை எடுத்தால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. சிக்கந்தரின் பழைய ஸ்கூட்டர் டியூப், பாதிக்குக் காற்று அடித்து, மேலே அவர் மனைவி ரமீஜா ஒரு கைலியைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு அப்பால் இரண்டு ஸ்டூல்களை இடைவெளி விட்டுப் போட்டு அதன் குறுக்கே வைத்திருக்கிறார்கள், அந்த ஓட்டைக்குள் என் முகம். ஐம்பது நிமிஷம் இப்படிக் குப்புற, பத்து நிமிஷம் உட்காரலாம், சாப்பிடலாம், ஒண்ணுக்குப் போகலாம், மறுபடி ஐம்பது நிமிஷம். பதினாலு நாள் என்று டாக்டரம்மா சொன்னார், இன்றைக்குப் பதினொன்று. கீழே சிவப்புச் சிமெண்டுத் தரை. தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அதுவும் ரமீஜா வைத்ததுதான், மின்விசிறியும் வாசல் நிலையில் பாதியும் அதில் தெரியும், வலது கண்ணுக்கு. இடது கண்ணில் கலங்கின தண்ணீருக்குள் விழித்த மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம் மட்டும். என் பெயர் கனகசபை, வயது ஐம்பத்துமூன்று, அரசு பஸ் டிரைவர், மேட்டுப்பாளையம் கோத்தகிரி லைன், பதினெட்டு வருஷம். ஆஸ்பத்திரியில் சீட்டு போடும்போது சொன்னதையே மனசு சும்மா கிடக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறது, யாரோ கேட்ட மாதிரி. யாரும் கேட்கவில்லை. சமையல்கட்டில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது, பூண்டும் வெந்தயமும் சேர்ந்து ஒரு வாசம். மணி ஐந்தரை இருக்கும். தண்ணீர்கூட இறங்காத தொண்டையோடு இரண்டு பேர் இந்த வீட்டில் நடமாடுகிறார்கள், நான் மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிடக்கிறேன். வேண்டாம், நானும் உங்களோடயே சாயங்காலம் சாப்பிட்டுக்கறேன் என்று முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். மாத்திரை யாரு போடறது என்று கேட்டுவிட்டு ரமீஜா தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணுக்குள் காற்று. இதை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. விழித்திரை உரிந்துவிட்டது, அதைத் திரும்ப இடத்தில் வைத்து லேசரால் ஒட்டி, ஒட்டினது காய்கிற வரை அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு வாயு அடைத்திருக்கிறோம், வாயு மேலே போகப் பார்க்கும், நீங்கள் குப்புறக் கிடந்தால் அது பின்பக்கம் போய் விழித்திரையை அழுத்தும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குப் பஞ்சர் கடைதான் ஞாபகம் வந்தது. பேட்ச் வைத்து, இறுக்கி, கொஞ்ச நேரம் விட்டுவிடுவான். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி உரியும். அது புரிந்தது. அடுத்ததாக ஒன்று சொன்னார், அது உடனே புரியவில்லை. இரண்டு மாசம் மலைக்குப் போகக் கூடாது. வீடு கோத்தகிரியிலங்க, என்றேன். அதனால்தான் சொல்றேன், என்றார். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கிற வாயு விரியும், கண் தாங்காது, இருக்கிற பார்வையும் போய்விடும். நான் சும்மா தலையாட்டினேன். அப்புறம் வார்டில் குப்புறக் கிடக்கும்போது சிப்ஸ் பாக்கெட் ஞாபகம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் கடை வாசலில் தொங்குகிறபோது சுருங்கிக் கிடக்கும் பாக்கெட், அரவேணு தாண்டினால் தலையணை மாதிரி உப்பிவிடும், பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், பிள்ளைகள் அதை அமுக்கி அமுக்கி விளையாடும். அந்தப் பாக்கெட்டுதான் என் கண் என்று அப்போதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து மனசு தானாக வண்டியை எடுக்கிறது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வருகிறேன், பாக்குத் தோப்பு, பிறகு ஏற்றம், செகண்ட் கியர், குஞ்சப்பனை செக்போஸ்ட், அங்கேதான் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணுக்குள் அது கொஞ்சம் உப்புகிறது, வேண்டாம் என்று ரிவர்ஸ் எடுக்கப் பார்க்கிறேன், பின்னால் வண்டிகள் நிற்கின்றன, மேலே என் வீட்டுக்காரி தமயந்தி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். தினமும் இதே டிரிப். ஒரு நாளும் கோத்தகிரி போய்ச் சேர்ந்ததில்லை.

வீட்டுக்கும் போக முடியாது, கீழே லாட்ஜ் ஒன்றும் திறந்திருக்கவில்லை, ஆஸ்பத்திரியில் இரண்டு நாளுக்கு மேல் படுக்கை தர மாட்டார்கள், கொரோனா. தமயந்திக்கு ஆஸ்துமா, ஆஸ்பத்திரிப் பக்கமே வராதே என்று நான்தான் தடுத்திருந்தேன். கூட இருந்தது சிக்கந்தர். என் கண்டக்டர், பதினோரு வருஷமாக ஒரே வண்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர், நம்ம வீட்டுக்குப் போலாமுங்ணா, முன் ரூம் சும்மாதான் கிடக்குது, என்று சாதாரணமாகச் சொன்னார், ஸ்டேஜ் வந்துவிட்டது இறங்குங்கள் என்பதுபோல. டெல்லி மாநாட்டுக்குப் போன முஸ்லிம்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சில், அந்த மாசம் ஊரே அவர் தெருவைப் பார்த்து விலகி நடந்துகொண்டிருந்தது. தமயந்தியின் தம்பி போனில், அங்கயா மாமா தங்கப்போறீங்க, யோசிச்சுக்கங்க என்றான். யோசிக்க என்ன இருக்கிறது. சிக்கந்தரின் பக்கத்து வீட்டிலும் யாரோ கேட்டார்களாம், ஆஸ்பத்திரியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து வீட்டுக்குள் படுக்க வைக்கிறீர்களே, வயசான அத்தா இருக்கிறாரே என்று. அத்தாவை, சிக்கந்தரின் அப்பாவை, பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இருமுவது மட்டும் எனக்குக் கேட்கும், ஆளைப் பார்த்ததில்லை. என் பக்கத்தில் வரும்போது சிக்கந்தர் மாஸ்கைக் கழற்றுவதில்லை. எனக்காகவா அவர்களுக்காகவா என்று முதலில் யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். இரண்டும்தான்.

இந்த வீட்டில் இவ்வளவு நல்லபடியாக வைத்திருக்கிறார்களே, அதுதான் உள்ளே என்னவோ செய்கிறது. ஊரடங்கால லேட்டாயிடுச்சு. இந்த வார்த்தை. தமயந்தி சொல்கிறாள், மச்சினன் சொல்கிறான், சங்கத்திலிருந்து பேசினவர் சொன்னார், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியே இருக்கிறது. எத்தனை நாளாச்சுங்க கண்ணுக்கு முன்னால திரை விழுந்து, என்று டாக்டரம்மா கேட்டார். முகத்தைப் பார்க்க முடியாது, தலையிலிருந்து கால் வரை அந்த உடுப்பு, கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து கண்கூடத் தெரியவில்லை, குரல் மட்டும்தான், சின்ன வயசுக் குரல். அஞ்சு நாளுங்க, பஸ் இல்லை, பாஸ் கிடைக்கலைங்க, என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஒரு பெருமூச்சு கேட்டது. வழக்கமாக ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது ஆபரேஷன் செய்வோம், இப்போது இரண்டு, மூன்று. விழித்திரை உரிவது குறையவில்லை, வருவதுதான் குறைந்திருக்கிறது, வருகிறவர்களும் விழித்திரையின் நடுமையமும் உரிந்த பிறகுதான் வருகிறார்கள், அப்புறம் முழுப் பார்வை வராது, என்று என்னிடமா பக்கத்திலிருந்த நர்ஸிடமா என்று தெரியாமல் சொன்னார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும், பதிமூன்று நாளுங்க டாக்டர். சொல்லவில்லை. அன்று வெளியே பெஞ்சில் இடைவெளிக்காகப் போட்ட வட்டங்களில் எனக்கு அடுத்ததில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறவர், பெயர் கேட்டேன், முத்துக்குமார் என்றார். மூன்று தடவை பாஸுக்குப் போட்டு மூன்று தடவையும் தள்ளுபடி, நாலாவது கிடைத்து வருவதற்குள் பன்னிரண்டு நாள், உள்ளே விழித்திரை சுருங்கிப்போய்விட்டதாம், இரண்டு மூன்று ஆபரேஷன் ஆகலாமாம், அப்போதும் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார்களாம். பஸ் ஓடியிருந்தா மறுநாளே வந்திருப்பனுங்க, என்றார், கோபம் இல்லாமல், தறியில் பாவு இழை எண்ணுகிற மாதிரி. உங்களுக்கும் அப்படித்தானுங்களா என்று கேட்டார். ஆமாங்க, என்றேன். அந்த ஆமாங்கதான் முள். டியூப்புக்குள் முகம் வைத்தால் முதலில் வருவது அதுதான்.

எட்டு நாள் நானே ஒளித்தேன். ஒரு மாசம் என்றே சொல்ல வேண்டும், மின்னலைச் சேர்த்தால். மார்ச் நடுவில் ஆரம்பித்தது, இடது கண்ணின் ஓரத்தில் ஒரு வெட்டு வெளிச்சம், இருட்டில்தான் நன்றாகத் தெரியும், வெல்டிங் பொறி மாதிரி. பிறகு கரித்தூள். கண்ணைத் திருப்பினால் அதுவும் திரும்பும். யாரிடமாவது சொன்னால் டிப்போவில் கண் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அனுப்பினால் வண்டியிலிருந்து இறக்குவார்கள், இறக்கினால் நான் யார், காலையில் எழுந்து என்ன செய்வேன், இதற்கு மேல் நினைப்பு போகவே போகாது, அங்கேயே நின்று உறுமும், பள்ளத்தில் சிக்கின சக்கரம் மாதிரி. அப்புறம் பஸ் நின்றுவிட்டது, மார்ச் இருபத்துநாலு. சந்தோஷப்பட்டேன். ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தபோது நான் ஒருத்தன் உள்ளுக்குள், அப்பாடா, ஓய்வு, கண்ணும் சரியாயிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். ஏப்ரல் பத்தாம் தேதி மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு விளிம்பு வந்தது, பஸ் ஜன்னலின் படுதாவைக் கீழேயிருந்து மேலே இழுத்த மாதிரி. தமயந்தி எதிரே உட்கார்ந்து பேசும்போது வலது கண்ணை மெல்ல மூடிப் பார்த்தால் அவள் முகவாய் இல்லை. மறுநாள் வாய் இல்லை. வாய் இல்லாத முகத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது, நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் தேதி காலையில் அவள் நீட்டின காபி டம்ளருக்குப் பக்கத்தில் கை நீட்டிக் காற்றைப் பிடித்தேன், அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. ஊரில் கண் டாக்டர் கிளினிக் பூட்டியிருந்தது, கோயமுத்தூருக்குப் போன் போட்டால் உடனே வாங்க, இது அவசரம்தான், நாங்க பார்க்கறோம் என்றார்கள், பாஸுக்கு நாலு நாள், ஐந்தாம் நாள் விடியும்போது கேரட் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே இறங்கினேன், நான் ஓட்டின ரோட்டில், வேறொருத்தன் ஓட்ட. அந்த ஐந்து நாள் ஊரடங்குடையது. முதல் எட்டு நாள் என்னுடையது. எந்த நாள் மையம் உரிந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதில் ஒரு ஒதுங்க இடம் இருந்தது, பதினோரு நாளாக அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. காட்டெருமை. கடைசி டிரிப், இருபத்துநாலாம் தேதி, ஆறு மணிக்குள் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்று உத்தரவு, நாலு மணிக்கு எடுத்தோம். மேலே வீடு இருக்கிற அத்தனை பேரும் அந்த வண்டியில். ஹாஸ்டல் பிள்ளைகள் வாளியும் பெட்டியுமாக, அரிசி மூட்டை, எஞ்சின் பெட்டி மேல் ஒரு நர்சிங் படிக்கிற பெண், அது வழி முழுக்க அம்மாவிடம் போனில் வந்துட்டிருக்கேன் வந்துட்டிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது. அறுபது பேருக்குக் குறையாது. குஞ்சப்பனைக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது, லைட்டைப் போட்டேன். ஒரு வளைவில் இடது பக்கம் பளிச்சென்று வெளிச்சம், லாரி ஹெட்லைட் மாதிரி, நேராக என்மேல். வலதுபக்கம் ஒடித்துப் பிரேக்கை மிதித்தேன். இடது பக்கம் பாறை. பாறையிலிருந்து லாரி வராது. அது தெரிவதற்குள் வண்டி வலதுபக்கக் கட்டைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது, அதற்கப்பால் வெறும் மேகம். யாரோ அலறினார்கள். வாளி ஒன்று உருண்டு முன்னால் வந்து நின்றது. என்னாச்சு டிரைவர் என்று குரல்கள். காட்டெருமைங்க, குறுக்கே வந்துருச்சு, என்றேன், எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. ஒருவரும் எதையும் பார்க்கவில்லை, எப்படிப் பார்த்திருப்பார்கள். அப்போது பின்னாலிருந்து சிக்கந்தரின் குரல், ஆமாங்க, நானும் பார்த்தேன், பெருசு, உக்காருங்க உக்காருங்க, வண்டி போகட்டும். விசில். நான் ரிவர்ஸ் எடுத்தேன். கியர் இரண்டு தடவை விழவில்லை, அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தது. நானும் பார்த்தேன் என்றாரே, எதைப் பார்த்தார். நாற்பது நாளாக இந்த ஒன்றைக் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. போன வாரம் செக்கப்புக்குப் போகும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் நெற்றியை ஊன்றிக்கொண்டு முப்பத்தைந்து கிலோமீட்டர் போனேன், போலீஸ் நிறுத்தி இவருக்கு என்ன, குடிச்சிருக்காரா என்று கேட்டார்கள், சிக்கந்தர் பொறுமையாகக் கண்ணுக்குள் காற்று இருக்கிற கதையைச் சொன்னார், சட்டைக்குள் அவர் முதுகெலும்பு என் நெற்றியில் இடித்துக்கொண்டே வந்தது, அப்போதுகூடக் கேட்கவில்லை. அன்று டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நல்லா ஒட்டியிருக்கு, என்றார். பார்வை எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது, ஆனா ஒட்டியிருக்கு. திரும்பி வரும்போது அழுதேன், குனிந்திருந்ததால் கண்ணீர் நேராக ஸ்கூட்டர் சீட்டில் விழுந்தது, அவருக்குத் தெரிந்திருக்காது.

கண்ணாடியில் வாசல் நிலைக்குக் கீழே ஒரு நிழல். சிக்கந்தர் தொழுதுவிட்டு வந்து உட்காருகிறார், சுவரில் சாய்கிற சத்தம், பேப்பர் மடிக்கிற சத்தம். தினமும் இந்த நேரத்துக்குப் பேப்பரில் ஏதாவது படித்துக் காட்டுவார். பஸ் எப்போது விடுவார்கள் என்று ஒன்றும் போடவில்லையாம். பாதிப் பேரைத்தான் ஏற்றுவார்களாம், விட்டாலும். அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கு வாய்க்குள் அது உருண்டுகொண்டிருக்கிறது, வெளியே வராமல் இத்தனை நாள் உருண்டது, இன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை, கஞ்சி வாசமாக இருக்கலாம், பட்டினி கிடக்கிற ஒருவர் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவதாக இருக்கலாம்.

“சிக்கந்தர், அன்னிக்கு நீங்க காட்டெருமையைப் பார்த்தீங்களா?”

பேப்பர் நின்றுவிட்டது. பின்கட்டில் அத்தா இருமி ஓய்ந்தார்.

“நோன்போட இருக்கறப்பக் கேக்கறீங்களேங்ணா, பொய் சொல்லக் கூடாதே,” என்றார். பேப்பரைத் தரையில் வைத்துவிட்டு, “பார்க்கலீங்க. நான் டிக்கெட் கிழிச்சிட்டிருந்தேன்.”

“அங்க காட்டெருமையே இல்லீங்க,” என்றேன் தரையைப் பார்த்து. பார்க்க வேறு இடம் இல்லை. தரையிடம் சொல்வது சுலபமாக இருந்தது, மின்னல், கரித்தூள், சந்தோஷப்பட்டது, எட்டு நாள், டாக்டரிடம் சொன்ன பொய், சென்னிமலைக்காரரிடம் சொன்ன ஆமாங்க, வரிசையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது, மூக்கிலிருந்து சொட்டிக் கண்ணாடியில் விழுந்தது. முடித்ததும், இப்போது எழுந்து போவார் என்று நினைத்தேன். சமையல்கட்டுக்குப் போய் ரமீஜாவிடம் சொல்வார், நாளைக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வார், நியாயம்தான், அந்த வண்டியில் அவரும்தானே இருந்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தெரியுமாம். குஞ்சப்பனையில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் நான் இடது கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது, ஒரு தடவை அவர் இடதுபக்கம் நின்று நீட்டின சில்லறையைக் கவனிக்காமல் விட்டது. டிப்போவில் சொல்லலாம் என்று நினைத்தாராம், சொன்னால் என்னை இறக்கிவிட்டு அவருக்கு வேறு டிரைவர் போடுவார்கள், பதினோரு வருஷம் ஓடின ஜோடி, வாய் வரவில்லையாம். வண்டியை நிறுத்தற விசில் என் கையிலதானுங்களே இருந்துச்சு, என்றார். நான் அதை யோசித்ததே இல்லை. நாற்பது நாள் அவரும் ஒரு வளைவில் நின்றுகொண்டிருந்திருக்கிறார், என் பக்கத்திலேயே.

“அதுக்காகத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“அதுவும் இருக்கலாமுங்க. எனக்கே தெரியல. ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க தலையைக் குனிஞ்சுட்டு நின்னப்ப அதெல்லாம் ஞாபகம் வரலீங்க. எங்க போவீங்கன்னுதான் நினைச்சேன்.”

சமையல்கட்டில் கரண்டி பாத்திரத்தின் ஓரத்தில் தட்டுகிற சத்தம். டிப்போ மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துடலாமுங்ணா, என்றார், பஸ் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, நடந்தது நடந்தபடி, நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. சரி என்றேன். சரி என்றதும் பள்ளத்தில் இருந்த சக்கரம் ஒரு தடவை உருண்டு மேலே ஏறி நின்ற மாதிரி இருந்தது. வண்டி தர மாட்டார்கள். தரக் கூடாது. லைட் டியூட்டி கொடுப்பார்கள், டிப்போ வாசலில் டைம் எழுதுகிற வேலை, போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலித்தது, ஆனால் மேலே போய் முட்டி நிற்கவில்லை, அந்த நினைப்புக்கு அப்புறமும் ரோடு இருந்தது. மொதல்ல டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க, வைத்தியத்துக்குத் தேவைப்படுமோ என்னமோ, என்று அவரே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டி, போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். யாராரோ எடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி, கடைசியில் அந்தக் குரல். இப்போது மூச்சிரைப்பு இல்லாமல் கேட்டது, உடுப்பைக் கழற்றியிருக்க வேண்டும். அஞ்சு நாள்னு சொன்னேனுங்க டாக்டர், பதிமூணு நாளுங்க, அதுக்கு முன்ன ஒரு மாசமா மின்னல், பயத்துல சொல்லலீங்க. திட்டுவார் என்று காத்திருந்தேன். சரி, மாத்தி எழுதிக்கறேன், என்றார். வலது கண்ணுல அந்த மாதிரி மின்னல் வந்தா அன்னிக்கே கூப்பிடணும், ஊரடங்கு இருந்தாலும் இல்லாட்டியும், பாஸுக்கு நாங்க லெட்டர் தர்றோம். சரிங்க என்றேன். முத்துக்குமார்னு ஒருத்தர், சென்னிமலை, அவருக்கு எப்படிங்க டாக்டர், என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முதல் ஆபரேஷன் முடிந்ததாம், காற்றுக்குப் பதிலாக உள்ளே எண்ணெய் வைத்திருக்கிறார்களாம், கையசைவு தெரியுது என்றாராம். பிறகு டாக்டரம்மா கேட்டார்: உட்காரும்போது வலது கண்ணை மூடிட்டுப் பார்த்தீங்களா? மேலே ஒரு கோடு தெரியணுமே, உள்ள இருக்கிற வாயு கரையக் கரைய அது கீழே இறங்கிட்டே வரும்.

பார்க்கவில்லை. பதினோரு நாளாக ஒரு தடவைகூட வலது கண்ணை மூடவில்லை, உட்கார்ந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டேன், அதைத் திறந்து வைத்துக்கொண்டே பாத்ரூம் போனேன், மூடினால் என்ன இருக்கும், ஒன்றும் இல்லாமல் இருந்தால், ஒன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு மறுபடி எப்படிக் குப்புறக் கிடப்பது. பார்க்கலீங்க, என்றேன். இன்னிக்குப் பாருங்க, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாங்கு சொல்கிறார்கள். இந்த வருஷம் பள்ளிவாசலில் கூட்டம் கிடையாது, குரல் மட்டும் காலித் தெருவில் தெளிவாக வருகிறது. சிக்கந்தர் எழுந்து உள்ளே போகிறார், எனக்கும் உட்காரும் நேரம்தான், கைகளை ஊன்றி மெதுவாக எழுகிறேன், நெற்றியில் கைலியின் மடிப்புப் பதிந்து அரிக்கிறது. தலை கொஞ்சம் சுற்றுகிறது. சுவரில் சாய்ந்து, தாடையை நிமிர்த்தாமல், வலது உள்ளங்கையை எடுத்து வலது கண்ணின்மேல் வைக்கிறேன். வைத்தாயிற்று. முதலில் சாம்பல். சாம்பல்தான், முழுக்கச் சாம்பல், சரி, அவ்வளவுதானா, அவ்வளவுதான் போல, பரவாயில்லை, ஒட்டியிருக்கிறது என்றாரே, ஒட்டியிருப்பது வேறு தெரிவது வேறு. மூச்சை விடுகிறேன். மூச்சு விட்டதில் ஏதோ ஆடுகிறது. மேலே, வெகு மேலே, ஒரு கோடு. தளும்புகிற தண்ணீரின் விளிம்பு மாதிரி, நான் அசைந்தால் அசைகிறது, நான் நின்றால் நிற்கிறது. கோட்டுக்குக் கீழே சாம்பல். கோட்டுக்கு மேலே வெளிச்சம். வெளிச்சத்தில் பச்சை, அது சுவர், இந்த ரூம் பச்சைச் சுண்ணாம்பு அடித்தது, இத்தனை நாளில் நான் கவனித்ததே இல்லை. வாசல் நிலையின் மேல்கட்டை தெரிகிறது, நேராக இல்லை, ஈரத்தில் நெளிந்த பலகை மாதிரி வளைந்து தெரிகிறது, வளைந்தால் என்ன. யாரையாவது கூப்பிட வேண்டும்.

நிலைக்குக் கீழே ஒன்று வந்து நிற்கிறது. வெள்ளைத் தொப்பி. தொப்பிக்குக் கீழே நெற்றி, நெற்றியில் வியர்வை மினுங்குகிறது, அதற்குக் கீழே புருவம், புருவத்தோடு கோடு வந்துவிடுகிறது, மீதி ஆள் சாம்பலுக்குள் இருக்கிறார். வாயில் பேரீச்சம்பழம் இருக்க வேண்டும், சொல் குழறுகிறது, கஞ்சி சூடா இருக்குதுங்ணா, மெதுவா, என்கிறார். என் கை கண்ணின்மேல் இருப்பதைப் பார்த்திருக்கிறார், நெற்றி சுருங்குகிறது, சுருக்கம் சுருக்கமாகத் தெரிகிறது.

“என்னங்ணா?”

“தெரியுதுங்க,” என்கிறேன். “உங்க புருவம் வரைக்கும்.”

அந்த நெற்றி அப்படியே நிற்கிறது. பிறகு சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. ரமீஜாவை உள்ளே பார்த்து ஏதோ சொல்கிறார், எனக்குக் காதில் விழவில்லை, பாத்திரம் வைக்கிற சத்தமும் ரமீஜா வேகமாக வருகிற காலடியும் கேட்கின்றன. தலையைப் பின்னால் சாய்த்தால் இன்னும் தெரியும். சாய்க்கவில்லை. கோடு தானாக இறங்கும், தினமும் கொஞ்சம். மூக்குக்கு எப்படியும் ஒரு வாரம் ஆகுங்க, என்கிறேன், அதுக்குக் கீழ வர இன்னும் நாளாகும் போல.

“பரவாயில்லீங்ணா,” என்கிறார் சிக்கந்தர். “அதுக்குக் கீழ மாஸ்க்தான்.”

சிரிக்கிறேன். சிரித்ததில் கோடு குலுங்குகிறது, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சாய்ந்து தளும்பி, மெல்ல மட்டமாகி நிற்கிறது.